வாக்கு போன பின் சங்கம்: மலையக அரசியலில் உள்விவாதமும் பிளவும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1947இல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், மலையகம் எனப்படும் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் ஆதரவு பெற்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம் என்று மலைநாட்டின் நடுப்பகுதி அந்த அமைப்பின் பக்கம் நின்றது. ஐந்தாண்டு கழித்து 1952இல் அந்தத் தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆதரித்தவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்தே நீக்கப்பட்டிருந்தன. அந்த இயக்கத்திலிருந்து மறுபடியும் ஒருவர் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் செல்ல 1977 ஜூலை வரை ஆயிற்று.

அதிகாரத்துக்கு வெளியே இருக்கும் காலம் ஓர் இயக்கத்தைப் பக்குவப்படுத்தும் என்று பலரும் சொல்கிறார்கள். தோற்றவர்கள் கூடிப் பேசுவார்கள், பழைய தவறுகளை அலசுவார்கள், புதிய கருத்துகளோடு திரும்பி வருவார்கள் என்பது அந்த நம்பிக்கை. மலையகத்தில் அந்த வெளியிருப்பு ஒரு தலைமுறைக்கு நீடித்தது. இவ்வளவு காலம் வெளியே நின்ற இயக்கம் நம் பிராந்தியத்தில் அரிது. ஆகவே அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் விவாதத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆழமான கேள்விகள் எழுந்தன, அவற்றை எழுப்பியவர்களும் திறமையானவர்கள். ஆனால் விவாதத்தில் தோற்றவர் அதே அமைப்புக்குள் மரியாதையோடு இருந்து, அடுத்த மாநாட்டில் மீண்டும் எழுந்து பேசுவதற்கு இடம் இருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கருத்து வேறுபாடும் ஒரு புதிய சங்கமாக முடிந்தது. இதைத் தலைவர்களின் குணக்குறையாகச் சொல்லிக் கடந்து போவது எளிது. அமைப்பு கட்டப்பட்ட விதத்திலேயே அதற்கான காரணம் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

வாக்கற்றவர்களின் மன்றம்

1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு இலங்கை வந்திருந்தபோது, தனித்தனியாக இயங்கிய இந்திய வம்சாவளியினரின் அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. அதன் முன்வரிசையில் கொழும்பு வணிகர்களும் படித்த நடுத்தர வகுப்பினரும் இருந்தனர். தோட்டங்களில் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்து ஹட்டனிலிருந்து இயங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் திரட்டினார். இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களுக்கு வந்திருந்தனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். காங்கிரஸ் தன் தொழிற்சங்கப் பிரிவைத் தொடங்கியதும் அதே 1940இல்தான். அதாவது, அது முதலில் ஓர் அரசியல் அமைப்பு. சங்கம் பின்னால் வந்தது.

1948 அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததை, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. பிறப்புச் சான்றிதழே பலருக்கு இல்லாத லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், இது நடக்காத காரியம். 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்கு பறிக்கப்பட்டது. 1946 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 12 சதவீதமாக, 780,000க்கும் அதிகமாக இருந்த ஒரு சமூகம் அரசியலிலிருந்தே துடைக்கப்பட்டது. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் தொழிற்சங்கச் சட்டம் குடியுரிமையைக் கேட்கவில்லை. ஏழு பேர் கையொப்பமிட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாத, தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக்காரர் தன் தோட்டக் கமிட்டியின் தலைவரைத் தெரிவு செய்ய முடியும். நாடு அவருக்கு மறுத்த வாக்கு சங்கத்தில் மட்டும் மிஞ்சியிருந்தது. காங்கிரசின் தொழிற்சங்கப் பிரிவு 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) என்ற பெயரைப் பெற்றது. அரசியல் பிரிவு 1954இல் இலங்கை ஜனநாயகக் காங்கிரஸ் ஆகி, காலப்போக்கில் மங்கிப்போனது. சங்கமே கட்சியாகவும் மாறியது.

இதன் விளைவு பெரிது. குடியுரிமை, கல்வி, நிலம், மொழி, இந்தியாவோடு உறவு, இடதுசாரிகளோடு உறவு என்று ஒரு சமூகத்தின் எல்லாக் கேள்விகளும், நாட்சம்பளமும் வேலைநாளும் பேசுவதற்காகக் கட்டப்பட்ட ஒரு வீட்டுக்குள் வந்து நெருக்கியடித்தன. பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்கு ஆசனம் உண்டு. சங்கத்தில் அப்படி ஏதும் இல்லை.

புறக்கணிப்பா, விண்ணப்பமா

முதல் பெரிய உள்விவாதம் 1949 சட்டத்தைப் பற்றியது. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். ஒரு பக்கத்தினர் சொன்னார்கள்: இந்தச் சட்டம் அநீதி; இதன் கீழ் விண்ணப்பம் போடுவது நாம் அந்நியர் என்று நாமே கையெழுத்திட்டுக் கொடுப்பதாகும். மறுபக்கத்தின் பதில்: காலக்கெடு போய்விட்டால் மக்கள் நிரந்தரமாக நாடற்றவர்களாகிவிடுவார்கள்; கொள்கையை நாம் காப்பாற்றலாம், குடும்பங்களை யார் காப்பாற்றுவது?

காங்கிரஸ் முதலில் புறக்கணிப்பின் பக்கம் நின்றது. 1950இன் இறுதியில் நிலைப்பாட்டை மாற்றி, விண்ணப்பிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. மிஞ்சியிருந்த மாதங்களில் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், அவற்றில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர்கள். மணமானவர் 1946க்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போய் வந்தது, பெயர் எழுத்தில் வேறுபாடு, விட்டுப்போன ஒரு தாள் எல்லாம் நிராகரிக்கப் போதுமான காரணங்களாயின. இறுதியில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர். ஆறில் ஒருவர்.

இந்த விவாதத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. இரு வாதங்களிலும் உண்மை இருந்தது. ஆனால் எது எப்படி முடிந்தாலும் வாதம் நடக்கும்போதே தோட்டந்தோட்டமாகச் சான்றுகளைத் திரட்டும் வேலை நடந்திருக்கலாம். புறக்கணிப்பை விரும்பியவர்களுக்கும் அந்தத் தாள்கள் வழக்காடுவதற்கு உதவியிருக்கும். ஒரு முடிவு வந்த பிறகே வேலை என்ற பழக்கம், எதிர்த்தரப்பின் வாதம் நாளை வெல்லக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்காத பழக்கம். அதற்கான விலையை மாநாட்டு மேடையில் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. லயத்தில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

1952 ஏப்ரலில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கி மாதக்கணக்கில் நடந்தது. இச்சட்டங்களை எதிர்த்த கோடக்கன்பிள்ளையின் வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கும் 1953இல் சட்டங்கள் செல்லும் என்று தீர்ந்தது. போராட்டமும் நீதிமன்றமும் இரண்டும் அடைபட்டன.

இதே சட்டங்கள் வடக்கிலும் ஒரு கட்சியை உடைத்தன என்பதை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். பிறகு அமைச்சரவையில் சேர்ந்து அடுத்த சட்டத்தை ஆதரித்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் அவரோடு நின்றவர்களும் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். அந்தப் பிளவு ஒரு புதிய அரசியலைத் தந்தது. ஏழு ஆண்டுகளில் வடக்கு கிழக்கின் முதன்மைக் கட்சியாக அது வளர்ந்தது. வெளியேறியவர்களுக்கு வாக்காளர் இருந்தார்கள், தேர்தல் இருந்தது, சரி பிழையை மக்கள் முன் வைக்க முடிந்தது. மலையகத்தில் வெளியேறியவர்களுக்கு அந்தத் தராசு இல்லை.

1955: இரண்டு தலைவர்கள், ஒரே மக்கள்

தொண்டமான் றம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளர். ஏ. அஸீஸ் இடதுசாரிச் சாய்வு கொண்டவர், 1950இல் மஸ்கெலியா இடைத்தேர்தலில் வென்றவர். இருவரும் நாற்பதுகளிலிருந்தே காங்கிரசின் தலைமைக்கு மாறி மாறிப் போட்டியிட்டவர்கள். சங்கம் எந்த உலகத் தொழிற்சங்க அமைப்போடு சேர்வது, மேற்கு சார்ந்த சம்மேளனத்தோடா சோஷலிச நாடுகள் சார்ந்ததோடா என்ற கேள்வி அவர்களிடையே இருந்தது. இலங்கை இடதுசாரிகளோடு எவ்வளவு நெருங்குவது என்பதும் இருந்தது. தனிப்பட்ட போட்டியும் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. 1955இன் இறுதியில் அமைப்பு உடைந்தது. 1956இல் அஸீஸின் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியாக நின்றது.

காலத்தைக் கவனியுங்கள். 1956 சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டு. நாட்டின் அரசியல் தரை பெயர்ந்துகொண்டிருந்தபோது, மலையகத்தில் எந்தத் தோட்டம் எந்தக் காங்கிரசோடு என்ற எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது.

பிளவின் மிகக் கேடான விளைவு அதன் பிறகே தெரிந்தது. அன்றைய அரசியலமைப்பின்படி பாராளுமன்றத்தில் ஆறு நியமன உறுப்பினர்கள் இருந்தனர். 1960இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு தொண்டமானை நியமித்தது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசும் அவரையே நியமித்தது. 1970இல் ஐக்கிய முன்னணி அரசு அஸீஸைத் தெரிவு செய்தது. வாக்கில்லாத மக்களின் பேச்சாளர் யார் என்பதை அரசாங்கம் முடிவு செய்யலாயிற்று. இரண்டு தலைவர்கள் இருந்தபடியால் அரசாங்கத்துக்குத் தெரிவும் இருந்தது. ஒரே அமைப்புக்குள் இருவரும் மோதியிருந்தால் அந்த மோதலில் வென்றவரை எந்த அரசும் ஒதுக்கியிருக்க முடியாது.

1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரின் கதி பிறகு. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதர்களை இப்படி எண்ணிப் பங்கிட்டபோது, அந்த மனிதர்களின் சங்கங்கள் எதிலும் கேட்கப்படவில்லை. இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948இல் குடியுரிமைச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் கூட்டரசாங்கத்தில் சேர்ந்திருந்தது. நான்கு மாதம் கழித்து ஒப்பந்தம் வந்தது. வெளியே இருந்தபோது அந்தக் கட்சிக்கு இருந்த குரல் உள்ளே போனதும் அமைச்சரவைக் கூட்டுப்பொறுப்புக்குள் அடங்கியது. தோட்டங்களில் இடதுசாரிகளின் செங்கொடியின் மேல் இருந்த நம்பிக்கை அதன் பின் பழையபடி திரும்பவில்லை.

சந்தா என்னும் கதவு

பிளவு ஏன் இவ்வளவு எளிதாக நடந்தது என்பதற்குத் தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தொழிலாளியின் மாதச் சந்தாவை நிர்வாகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பி வந்தது. உறுப்பினர் சங்கம் மாற விரும்பினால் ஒரு கடிதத்தில் பழைய சங்கத்தை விலக்கி, புதிய படிவத்தில் ஒப்பமிட்டால் போதுமாக இருந்தது. கழிப்பு அடுத்த மாதத்திலிருந்து வேறு சங்கத்துக்குப் போனது.

இது தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்பு. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தன் பிரச்சினைக்கு வராத தலைவரை அவர் இதனால் தண்டிக்க முடிந்தது. ஆனால் எதிர்ப்பைக் காட்ட அவருக்கு இருந்த வழியும் அநேகமாக இது மட்டுமே. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று தலைமையின் முடிவு பிழை என்று சொல்வதைவிட, படிவம் மாற்றுவது சுலபம். மாவட்டப் பிரதிநிதிகளைப் பெரும்பாலும் மேலிடம் நியமித்தது. தோட்டத் தலைவர் அவர்களைப் பார்த்து நடந்தார். கருத்து மாறுபட்ட ஒரு மாவட்டத் தலைவருக்கும் இதே கணக்குத்தான். நூறு தோட்டங்களின் சந்தாவோடு வெளியேறினால் அவருக்கு ஒரு காரியாலயமும் ஒரு வாகனமும் ஒரு பேரம்பேசும் இடமும் கிடைக்கும். உள்ளே இருந்து வாதாடினால் கிடைப்பது நிச்சயமில்லை.

1965இல் வி.கே. வெள்ளையன் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசிலிருந்து விலகித் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்திலேயே பிறந்து படித்த ஒரு தலைமுறைக்குச் சங்கத்தில் உரிய இடம் வேண்டும் என்ற உணர்வு அதன் பின்னால் இருந்தது. அது நியாயமான உணர்வு. அறுபதுகளில் ஹட்டனில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களைச் சுற்றி இளைஞர்கள் கூடிப் பேசிய காலம் அது. இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1962இல் தடை செய்யப்படும் வரை சாதியையும் தோட்டத்து அடிமைத்தனத்தையும் பேசியது. இந்தப் பேச்சுகள் பெரிய சங்கத்துக்குள் வந்து அதை மாற்றியிருக்க வேண்டியவை. ஒவ்வொன்றும் வெளியே போய், ஒவ்வொரு சிறிய வட்டமாக நின்றது. பெரிய சங்கத்துக்கு அந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லாமல் போனது. சிறிய வட்டத்துக்கு அவற்றை நிறைவேற்றப் பலமில்லாமல் போனது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் அவர்கள். சந்தாவில் பாதிக்கு மேல் அவர்களுடையது. மாதர் சங்கம் என்று ஒன்று இருக்கும், அதற்குத் தலைவி இருப்பார். ஆனால் 1949இலோ 1955இலோ 1965இலோ பெண்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை எந்தத் தீர்மானத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. விவாதம் நடந்த அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் அவர்களே அதிகம்.

எதிரணியும் அமைச்சரவையும்

எழுபதுகளுக்கு வருவோம். 1972இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், தமிழரசுக் கட்சியோடும் தமிழ்க் காங்கிரசோடும் தமிழர் கூட்டணியில் இணைந்தது. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள். 1977 மே 11இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பறிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று தலைவர்களில் ஒருவராகத் தொண்டமான் இருந்த அதே கூட்டணி 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்தை எடுத்தபோது, இ.தொ.கா. அதிலிருந்து விலகி நின்றது. மலைநாட்டு மக்கள் சிங்களக் கிராமங்களின் நடுவில் வாழ்கிறார்கள், தனிநாடு அவர்களுக்கு விடை ஆகாது என்பது அதன் நிலை. இந்த வேறுபாடு திறந்த வெளியில் சொல்லப்பட்டது, பகையில்லாமல் விலகல் நடந்தது. அந்த ஆண்டுகளில் நான் மதிக்கும் ஒரு முடிவு இது.

1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராக வென்றார். 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டங்கள் எரிந்தபோது அமைச்சரவையில் இருப்பதன் பொருள் என்ன என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

ஆனால் இந்த ஆய்வின் மிகச் சுவையான பகுதியும் இங்கேதான். 1984 ஏப்ரலில் இ.தொ.கா. வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளத்தையும் பெற்றது. 1986 தைப்பொங்கலை ஒட்டி, நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கேட்டுப் பிரார்த்தனை இயக்கம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களில் காலை வேளையில் மலைக்கு ஏறாமல் வழிபாடு. சங்கத்தின் தலைவர் அமைச்சராக இருந்த அரசாங்கத்துக்கு எதிராகவே அந்தப் போராட்டம். சில நாட்களில் அரசாங்கம் இறங்கி வந்தது. கணக்கு இதுதான்: இந்தியா ஏற்க வேண்டிய 600,000 பேரில் 506,000 பேரே விண்ணப்பித்திருந்தனர். எஞ்சிய 94,000 பேருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இலங்கைக் குடியுரிமை தர 1986இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்ற நிலையைப் பெருமளவில் முடித்துவைத்தன.

உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலும் வைத்திருந்த காலம் அது. அது ஏன் பலித்தது? தொண்டமானின் சாதுரியம் என்பார்கள், அது உண்மை. வடக்கில் போர் தொடங்கியிருந்ததால் மலையகத்தை அமைதியாக வைத்திருக்க அரசு விரும்பியதும் உண்மை. இவற்றோடு, முப்பது ஆண்டு வெளியிருப்பு தோட்டக் கமிட்டிகளைப் பதமாக்கியிருந்தது என்பதையும் நான் சேர்ப்பேன். ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் வேலை நிற்கச் செய்யும் கட்டுக்கோப்பு அமைச்சுப் பதவியால் வந்ததாக இருக்க முடியாது. வாக்கு இல்லாத காலத்தில் சங்கம் தன் உறுப்பினரை நம்பி வாழ்ந்ததில் அது பிறந்தது.

105, 7, 1

1989இல் பெ. சந்திரசேகரனும் தோழர்களும் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினர். சம்பளத்தோடும் குடியுரிமையோடும் நின்றுவிடாமல், மலையக மக்கள் ஒரு தேசிய இனம், அவர்களுக்கு நிலம் வேண்டும் என்று அவர்கள் பேசினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சந்திரசேகரன் தடுப்புக்காவலில் இருந்தார். இளைஞர்களிடையே அவருக்கு எழுந்த ஆதரவு உண்மையானது.

1994 ஆகஸ்ட் தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரசின் 7 சேர்ந்தால் 112. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு ஒன்று குறைந்தது. அந்த ஒன்று நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவில் வென்ற சந்திரசேகரன். சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் அவருடைய கையால் அமைந்தது. அவர் பிரதி அமைச்சரானார். ஐக்கிய தேசியக் கட்சியோடு நின்று வென்ற தொண்டமானும் பிறகு அதே அரசில் அமைச்சரானார்.

நாட்டின் ஆட்சியை முடிவுசெய்த அந்த ஆசனத்துக்கு ஈடாக மலையகம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது பற்றித் தோட்டங்களில் ஒரு பெரிய கலந்துரையாடல் நடந்திருக்க வேண்டும். நிலத்தைக் கேட்டிருக்கலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தக் கேட்டிருக்கலாம். தோட்டத்துப் பாதைக்கும் குழாய்க்கும் சபை நிதியைச் செலவிட முடியாமல் 1987இலிருந்து தடுத்த பிரிவு அது, 2018இல்தான் திருத்தப்பட்டது. முன்னணியின் தொடக்க ஆவேசம் ஓர் அமைச்சு அறைக்குள் போன வேகம் எனக்கு இன்னமும் வருத்தம் தருகிறது. சந்திரசேகரனின் நேர்மையைச் சந்தேகித்து இதை எழுதவில்லை. ஐந்தே வயதான ஒரு கட்சி, தன் கேள்விகளைத் தன் உறுப்பினர்களோடு பேசி முடிப்பதற்கு முன்பே அதிகாரத்துக்குள் இழுக்கப்பட்டுவிட்டது.

அதன் பின் மலையகக் கட்சிகளுக்கு வெளியே இருப்பது என்பது அடுத்த அமைச்சுக்குக் காத்திருப்பதாகச் சுருங்கியது. 1999 அக்டோபர் 30இல் பெரியவர் தொண்டமான் மறைந்த பின் இந்தப் போக்கு இன்னும் இறுகியது.

ஆயிரம் ரூபாயும் அதற்குப் பின்னும்

1992இல் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போன பிறகு, நாட்சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானமாயிற்று. தொழிலாளர் பக்கத்தில் மூன்று தரப்புகளே கையொப்பமிட்டன: இ.தொ.கா., ஐக்கிய தேசியக் கட்சி சார்பான இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. வெளியே நின்ற சங்கங்கள் ஒவ்வொரு முறையும் தொகை போதாது என்று சொல்லின. பெரும்பாலும் அது சரி. ஆனால் சம்பளம் கணக்கிடும் முறையையே மாற்றுவது எப்படி, நிலத்தோடு தொழிலாளியை இணைப்பது எப்படி என்று வெளியே இருந்த காலத்தில் அவர்கள் ஒரு மாற்றுத் திட்டத்தை உழைத்து உருவாக்கவில்லை. 2015இல் பி. திகாம்பரத்தின் தொழிலாளர் தேசிய சங்கமும், வி. இராதாகிருஷ்ணனின் மலையக மக்கள் முன்னணியும், மனோ கணேசனின் கட்சியும் தமிழ் முற்போக்குக் கூட்டணியாகி அரசில் அமர்ந்தன. ஏழு பேர்ச் அளவுள்ள சிறு வீட்டுக்காணியும் தனி வீடும், 2018இன் 33ஆம் பிரிவுத் திருத்தமும் அவர்கள் காலத்தில் நடந்தவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இ.தொ.கா. அப்போது எதிரணியில் இருந்தது. அந்த ஆண்டுகளை அது உள்விவாதத்துக்குப் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

உண்மையான விவாதம் அப்போது வேறிடத்தில் எழுந்தது. 2018 அக்டோபர் 24இல், கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டு, பெற்றோருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். எந்தச் சங்கமும் அவர்களை அழைத்து வரவில்லை. 2019 ஜனவரியில் 700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக ஆயிரம் வந்தபோது கூட்டு ஒப்பந்த முறையே குலைந்தது. 2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்த ‘மலையகம் 200’ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் சங்கங்களுக்கு வெளியே கூடியவர்களே. சந்தா கட்டாத ஒரு தலைமுறை பேசத் தொடங்கியிருக்கிறது; படிவம் மாற்றும் பழைய கதவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தை, நாட்டில் ஆட்சியைப் பிடித்த தேசிய மக்கள் சக்தி பெற்றது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். இ.தொ.கா.வுக்கு நுவரெலியாவில் ஓர் ஆசனம், தமிழ் முற்போக்குக் கூட்டணியினருக்கு இரண்டு. இரு பழைய முகாம்களும் ஒரே நேரத்தில் வெளியே நிற்கின்றன. ஐம்பதுகளிலும் இயக்கம் முழுவதும் இப்படி வெளியே நின்றது. இம்முறை மக்களிடம் வாக்கும் இருக்கிறது.

இந்தக் காலத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. தோட்டக் கமிட்டித் தெரிவு வெளிப்படையாக நடக்க வேண்டும். மாவட்டப் பிரதிநிதிகள் மேலிருந்து நியமிக்கப்படாமல் கீழிருந்து தெரிவாக வேண்டும். பெண்களுக்கு மாதர் சங்கத்தில் தரும் இடம் போதாது. நிர்வாக சபையில் அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். தீர்மானம் தோற்றாலும் அதைக் கொண்டுவந்தவரின் பெயரும் வாதமும் கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டும், அவர் பொறுப்பில் தொடர வேண்டும். ஆளும் கட்சியின் மலையக உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். தம் கட்சிக்குள் தோட்ட மக்களுக்காக எதிர்த்துப் பேசும் இடம் அவர்களுக்கு இருக்கிறதா என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பேச வேண்டிய முதல் பொருள் நிலம். ஏழு பேர்ச்சோடு வீடு போதும் என்று ஒரு சாரார், பயிர் செய்யக் காணி வேண்டும் என்று ஒரு சாரார், தோட்டமே சிறு உடைமைகளாகப் பிரிய வேண்டும் என்று ஒரு சாரார். எந்தக் கட்சிக்குள்ளும் இதற்கு ஒரே பதில் இல்லை. தோட்டக் கமிட்டிகளில், மாலைக் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு பெண்களும் வரக்கூடிய ஒரு நேரத்தில், இதிலிருந்து தொடங்கலாம்.